தாழ்ப்பாள் வைத்த படகு

பிள்ளைகளே, பெரியவர்களுக்குப் பொறாமை வராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். முப்பத்திரண்டு வயதில், மீசை எல்லாம் வைத்துக்கொண்டு, நான் ஒரு தோளைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். என் மச்சினன் சூசையின் இடது தோள். என் மகள் ஜெனி அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். இறங்க மாட்டேன் என்றாள்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை. ஜன்னல் கம்பி, கிரில் கேட், கட்டடம் கட்டுகிற இடத்தில் தண்ணீர் பிடித்து வைக்கிற இரும்புத் தொட்டி எல்லாம் செய்வோம். என் மனைவி அமலி உவரி என்கிற கடற்கரை ஊர்க்காரி. அவள் தம்பிதான் சூசை. கடலுக்குப் போகிறவன். அந்த வருஷம் அமலியின் அம்மாவுக்கு, அதாவது என் அத்தைக்கு, முழங்காலில் ஆபரேஷன். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அமலி இரண்டு மாதம் தாய்வீட்டுக்குப் போனாள். ஜெனிக்கு அப்போது இரண்டு வயது. அவளும் போனாள். நான் பேட்டையில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் திசையன்விளை பஸ் பிடித்து உவரிக்குப் போய் வந்தேன்.

முதல் ஞாயிறு போனேன். மணலில் நடந்தபோது ஜெனி என்னைப் பார்த்து ஒரு அதட்டல் போட்டாள்.

"அப்பா, கால் வைக்காத! நண்டு வீடு!"

குனிந்து பார்த்தால் மணலில் சின்ன ஓட்டை.

"யாரும்மா சொன்னா?"

"மாமா."

இரண்டாவது ஞாயிறு, அலை வந்தபோது ஜெனி பயப்படவில்லை. கால் விரல்களை மணலுக்குள் நுழைத்து, பக்கவாட்டில் திரும்பி, பூட்டுப் போட்டது போல நின்றாள். அலை அவள் கணுக்காலைத் தொட்டுவிட்டுப் போனது. நான் அதே அலைக்கு நாலு எட்டு பின்னால் ஓடியிருந்தேன்.

"யாரும்மா சொல்லித்தந்தா?"

"மாமா."

மூன்றாவது ஞாயிறு நான் டவுனில் வாங்கிய பொம்மைக் குரங்கைக் கொண்டுபோனேன். சாவி கொடுத்தால் தாளம் போடும். ஜெனி அதன் வாயில் ஒரு பிடி மணலை ஊட்டினாள். அதோடு தாளம் நின்றது. பிறகு அவள் ஓடும்போது தடுக்கி விழுந்தாள். நான் மண்டி போட்டு இரண்டு கையையும் விரித்தேன். அழுதுகொண்டே எழுந்தவள், என் இரண்டு கைக்கும் நடுவே புகுந்து, என்னைக் கடந்து, எனக்குப் பின்னால் நின்ற சூசையின் காலைப் போய்க் கட்டிக்கொண்டாள். (விரித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் நான் சோம்பல் முறித்தேன்.)

"அப்பாட்ட போ மக்கா," என்றான் சூசை. அவன் நல்லவன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நிம்மதியாக வெறுத்திருப்பேன்.

எனக்கு இருந்த பயத்தை நேராகவே சொல்கிறேன். இன்னும் சில வாரத்தில் ஜெனியைப் பேட்டைக்குக் கூட்டிவர வேண்டும். கடல் இல்லாத, நண்டு வீடு இல்லாத, மாமன் இல்லாத பேட்டைக்கு. என்னோடு வர மாட்டேன் என்று அவள் அழுதால் நான் என்ன செய்வேன்? மகள் அழுவதை ஒரு பஸ் முழுக்கப் பார்க்குமே! 'யாரோ பிள்ளையைத் தூக்கிட்டுப் போறான்' என்று கண்டக்டர் நினைத்துவிட்டால்? அப்படியெல்லாம் யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாவது ஞாயிறு ஜெனி என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போனாள். நான் மகிழ்ந்து போனேன். கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தின் அருகே நிறுத்தி, விரலை நீட்டி, "மாமா படகு" என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா படகு எங்க?"

திங்கட்கிழமை காலை நான் பட்டறையில் தகடு வெட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டறை முதலாளி அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"என்னலே செய்யுத?"

"படகு அண்ணாச்சி."

"யாருக்கு?"

"மகளுக்கு."

"ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ரெண்டு மில்லி தகடா? எதுக்குலே, சண்டைக்கா அனுப்பப் போற?"

"உறுதியா இருக்கட்டும் அண்ணாச்சி."

எனக்குத் தெரிந்த தொழில் எல்லாவற்றையும் அந்தப் படகில் காட்டினேன். மூன்றரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். முன்பக்கம் கூர்மையான மூக்கு. பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று தகட்டின் விளிம்புக்கு மேலே சுற்றிலும் அவள் இடுப்பு உயரம் வரை கிரில் வைத்தேன். கிரில் வைத்தால் பிள்ளை எப்படி ஏறுவாள்? அதனால் பக்கவாட்டுக் கிரிலில் ஒரு சின்ன கேட். கேட் என்றால் தாழ்ப்பாள் வேண்டாமா? தாழ்ப்பாளும் வைத்தேன். கேட்டின் நடுவில் ஒரு தாமரைப் பூ. உலகத்தில் தாமரைப் பூ கேட்டும் தாழ்ப்பாளும் வைத்த படகு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒழுகுமா என்று சோதிக்க வேண்டும் அல்லவா? எங்கள் பட்டறையில் தொட்டிக்கு ஒரு சோதனை உண்டு. தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, அடியில் செய்தித்தாளை விரித்து, ஒரு ராத்திரி விட்டுவிடுவோம். காலையில் தாள் காய்ந்திருந்தால் தொட்டி தேறிவிட்டது. படகுக்கும் அதையே செய்தேன். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையில் அண்ணாச்சியே குனிந்து தாளைத் தடவிப் பார்த்தார்.

"ஒரு சொட்டு இல்லலே. தொட்டின்னா இது தொட்டி!"

"படகு அண்ணாச்சி."

"ஆமா, படகு படகு," என்றார்.

உள்ளே ஊற்றிய தண்ணீர் வெளியே வரவில்லை. அப்படியென்றால் வெளியே இருக்கிற தண்ணீரும் உள்ளே வராது. இதுதான் என் கணக்கு. பிள்ளைகளே, இதில் என்ன தப்பு என்று உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும். எனக்குத் தெரிய ஒரு கடல் தேவைப்பட்டது.

படகு இருபது கிலோ இருந்தது. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் அதைத் தலைகீழாகத் தூக்கி ஏற்றினேன்.

"என்ன வே இது?" என்றார் கண்டக்டர்.

"படகு."

"படகு பஸ்ல ஏறி நான் இப்பதான் பாக்கேன். பின்னால கொண்டு வையும். தாழ்ப்பாளை நல்லா போட்டுக்கிடும், எறங்கி ஓடிரப் போவுது!"

பின்னால் கொண்டுபோய் நிமிர்த்தி வைத்தேன். நாங்குநேரி தாண்டுவதற்குள் ஆட்கள் தங்கள் பைகளை அதற்குள் வைத்துவிட்டார்கள். ஒரு வாழைத்தாரும் ஏறியது. ஒருவர் கேட்டைத் திறந்து ஒரு கோழியை உள்ளே விட்டு, மறக்காமல் தாழ்ப்பாளும் போட்டார். அந்தப் படகு தன் வாழ்நாளில் பயணிகளை ஒழுங்காகக் கொண்டு சேர்த்தது அந்த ஒரு தடவைதான்.

உவரியில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். காலைப் பூசை முடிந்து ஆண்கள் எல்லாரும் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டும் கதை பேசிக்கொண்டும் இருப்பார்கள். அதாவது, பார்ப்பதற்கு ஊரே தயாராக இருந்தது. நான் படகைத் தலையில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவே நடந்தேன்.

"அமலி மாப்பிள்ள என்னமோ கொண்டு வாராரு."

"கோழிக்கூடுல்லா அது?"

"கேட்டு இருக்கு பாரு. பூ வேற போட்டிருக்கு!"

ஜெனி சூசையின் தோளில் இருந்தாள். நான் படகை ஈர மணலில் இறக்கி வைத்து, மூச்சு வாங்கியபடி அவளைப் பார்த்தேன்.

"ஜெனி, இது யாரு படகு?"

அவள் யோசித்தாள். "கோழி படகு," என்றாள். (ஒரு இறகு உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது.)

"அப்பா படகும்மா! அப்பா படகு!"

சூசை படகைச் சுற்றி வந்தான். தட்டிப் பார்த்தான். மூக்கைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"அத்தான், வேல நல்லா இருக்கு. ஆனா மூக்கு கனமா இருக்கு. கடல்ல எறக்காண்டாம். வீட்டு முத்தத்துல வச்சு விளையாடட்டும்."

அவன் சொன்னது சரி. ஆனால் யார் சொன்னது பாருங்கள். அவன்!

"பிள்ளைய ஏத்த மாட்டேன். முதல்ல நான் ஏறிக் காட்டுதேன்," என்றேன்.

"நீங்களா? நீங்க கொள்ள மாட்டியளே அத்தான்!"

"கொள்ளுவேன்."

கேட்டைத் திறந்து ஒரு காலை விட்டேன். பிறகு உட்கார்ந்து, இடுப்பை நெளித்து, மற்றக் காலை இழுத்து உள்ளே மடக்கினேன். முழங்கால் இரண்டும் தாடையைத் தொட்டன. தாழ்ப்பாளைப் போட்டேன். (ஏன் போட்டேன் என்று இன்று வரை அமலி கேட்கிறாள். கேட் என்றால் தாழ்ப்பாள் போட வேண்டும், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.)

"சரி, அலைக்கு மூஞ்சியக் காட்டி உக்காருங்க," என்றான் சூசை. "கடலுக்கு முதுகு காட்டப்படாது."

"கடலைப் பாத்து உக்காந்தா ஜெனி என் மூஞ்சிய எப்படிப் பாப்பா? கரையப் பாத்தே தள்ளு."

அவன் எவ்வளவோ சொன்னான். நான் கேட்கவில்லை. கடைசியில் இரண்டு பேர் சேர்ந்து என்னைக் கெண்டைக்கால் அளவுத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டார்கள். படகு மிதந்தது! உண்மையாகவே மிதந்தது! ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம் ஆடியது. நான் கிரிலைப் பிடித்துக்கொண்டு ஜெனிக்குக் கையாட்டினேன். ஜெனி பதிலுக்குக் கையாட்டினாள். என் வாழ்க்கையின் மிகச் சிறந்த நாலு நொடி அது.

அவள் கண்கள் திடீரென்று என் தலைக்கு மேலே எதையோ பார்த்தன.

அலை பின்னால் இருந்து என் உச்சந்தலையில் இறங்கியது. கண்ணிலும் மூக்கிலும் உப்பு. நான் கண்ணைத் துடைத்துப் பார்த்தபோது அலை திரும்பிப் போய்விட்டது. ஆனால் படகுக்குள் வந்த தண்ணீர் போகவில்லை. பிள்ளைகளே, என் வெல்டிங்கைப் பற்றி நான் சொன்னது பொய் இல்லை. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. விளிம்பு வரை நிறைந்த தொட்டிக்குள் நான் ஊறப்போட்ட உளுந்து போல உட்கார்ந்திருந்தேன்.

தொட்டி ஈர மணலில் உட்கார்ந்துவிட்டது. அடுத்த அலை வந்து சுற்றிலும் மணலைப் பறித்து இன்னும் கொஞ்சம் புதைத்தது.

"ஏங்க, எந்திச்சு வாங்க!" என்று கரையிலிருந்து அமலி கத்தினாள். அவள் கையில் செல்போன். வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வர முடிஞ்சா வர மாட்டேனாட்டி!"

தாழ்ப்பாளை இழுத்தேன். அதற்குள் மணல் புகுந்து இறுகிவிட்டது. மேலே எழும்பப் பார்த்தால் கிரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. கரை முழுக்கச் சிரிப்பு. ஒருவர் சிரித்துச் சிரித்து வலையின் மேலேயே சாய்ந்துவிட்டார். நாலைந்து பேர் வந்து தொட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். தண்ணீர், இரும்பு, நான். அசையவில்லை.

"அத்தான், அடியில ஒரு ஓட்ட போட்டுருவமா? தண்ணி எறங்கிட்டா தூக்கிரலாம்," என்றான் சூசை.

"ஓட்டையா? என் வெல்டிங்லயா? கூடவே கூடாது!"

அடுத்த அலை வாய்க்குள் போய் என் பேச்சை முடித்துவைத்தது.

அந்த நேரத்தில்தான் ஜெனி, "எறக்கு, எறக்கு!" என்று சூசையின் முடியைப் பிடித்து இழுத்தாள். சூசை அவளை இறக்கிக் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் மணலில் விளையாட வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு அவனையும் இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். கேட்டின் பக்கத்தில் கால் விரலை மணலில் புதைத்து நின்றாள். சிரட்டையைத் தொட்டிக்குள் விட்டு ஒரு சிரட்டை தண்ணீரை மொண்டாள். அதைத் தன் பின்பக்கமாகக் கொட்டினாள். மறுபடி மொண்டாள். கொட்டினாள். முகத்தில் சிரிப்பே இல்லை. வேலை செய்கிறவர்களின் முகம்.

"என்னம்மா செய்யுத?"

"தண்ணி கோருதேன். அப்பா படகு முங்கிட்டு."

"இத யாரும்மா சொல்லித்தந்தா?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே வேண்டாம்.

"மாமா."

வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறினால் இப்படித்தான் கோரி ஊற்ற வேண்டுமாம். என்னைக் காப்பாற்றுகிற வித்தையைக்கூட அவன்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான்! மார்பு வரை தண்ணீரில் இருந்துகொண்டும் எனக்குப் பொறாமையாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவள் ஆறு சிரட்டை கோரி ஊற்றினாள். ஒரு சின்ன அலை வந்து அறுபது சிரட்டை ஊற்றியது. அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, ஏழாவதை மொண்டாள். கரையில் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

தூரத்தில் பெரிய அலை ஒன்று எழும்புவதைச் சூசை பார்த்தான். ஜெனியை அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினான். அவ்வளவுதான், அவள் போட்ட அலறல் கோயில் வரை கேட்டிருக்கும்.

"அப்பா! அப்பாகிட்ட போணும்! அப்பா!"

மாமன் தோளில் இருந்துகொண்டு, மாமன் முதுகில் சிரட்டையால் அடித்துக்கொண்டு, அப்பா அப்பா என்று அழுதாள். பிள்ளை அழுதால் தகப்பனுக்கு வருத்தமாக இருக்க வேண்டும். எனக்கு இல்லை. (இதை எழுதும்போதுகூட வெட்கமாகத்தான் இருக்கிறது.) பெரிய அலை என் மேல் விழுந்தது. விழட்டும் என்று இருந்தேன். தண்ணீருக்கு அடியிலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அதனால் ரொம்பவே குடித்துவிட்டேன்.

"ஓட்டையப் போடுங்க வே!" என்றேன் தலையை வெளியே நீட்டி.

ஒருவர் உளியும் சுத்தியலும் கொண்டுவந்தார். என் இரண்டு மில்லி தகட்டில் ஓட்டை போட அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. "நல்ல சரக்குதான் வே," என்று ஒவ்வொரு அடிக்கும் பாராட்டினார். தண்ணீர் இறங்கியதும் எட்டுப் பேர் தொட்டியை என்னோடு சேர்த்துத் தோளில் ஏற்றினார்கள். திருவிழாச் சப்பரம் போலக் கரை வழியாக அத்தை வீட்டு முற்றம் வரை என்னைத் தூக்கி வந்தார்கள். அத்தை வாசலில் ஊன்றுகோலோடு நின்று பார்த்தார்.

"மாப்பிள்ள வாரியளா? வாங்க," என்றார். வேறு என்ன சொல்வார்?

முற்றத்தில் வைத்துத்தான் தாழ்ப்பாளை அறுத்து என்னை வெளியே எடுத்தார்கள். ஜெனி ஓடி வந்து என் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சூசை கொஞ்சம் தள்ளி நின்று தன் தோளைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஒரு மாசமா நான் தூக்கிச் சொமந்தேன். அத்தான் ஒரு நா தொட்டியில உக்காந்து பறிச்சிட்டாரே!" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும். நான் நாலு ஞாயிறு சிரித்த சிரிப்பு அது.

பேட்டைக்குத் திரும்பிய நாளில் ஜெனி அழவில்லை என்று எழுத ஆசைதான். திசையன்விளை வரை "மாமா, மாமா" என்று அழுதாள். பிறகு என் மடியில் தூங்கிவிட்டாள். கண்டக்டர் எங்களைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. "படகு வரலையா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது, "நான் சோதிச்சுப் பார்த்துட்டேன், சரியா இருக்கு," என்று சொல்லிவிட முடியாது. குக்கர் வாஷராக இருந்தாலும் சரி, வாங்கிய குடையாக இருந்தாலும் சரி, உடனே ஒருவர் கேட்பார்: "தண்ணிய உள்ள ஊத்திப் பாத்தியளா, வெளிய ஊத்திப் பாத்தியளா?" அமலி எடுத்த வீடியோ உவரியில் எல்லாச் செல்போனிலும் இருக்கிறது. அவள் சிரித்துக் கை நடுங்கியதால் என்னைவிடக் கடல்தான் அதிகம் ஆடுகிறது.

ஜெனிக்கு இப்போது ஐந்து வயது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் படகு வரையச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் படகுக்குக் கீழே நீல நிறம் தீட்டியிருக்கிறார்கள். ஜெனி படகுக்குள்ளே நீலம் தீட்டியிருந்தாள். டீச்சர், "தண்ணீர் வெளியேதானே இருக்கும்?" என்று கேட்டதற்கு, "எங்க அப்பா படகுல உள்ளதான் இருக்கும் டீச்சர்," என்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

படத்தை என்னிடம் காட்டினாள். நீலத்துக்கு நடுவே மீசை வைத்த ஒரு தலை, அது நான். கரையில் ஒரு ஆள், அது சூசை. எனக்கு என்னவோ போல இருந்தது. பட்டறை ஸ்கேலை எடுத்து இரண்டு பேரையும் அளந்து பார்த்தேன். சூசை முழுசாக ஒரு அங்குலம் உயரம் கூடுதல்.

"ஏம்மா, மாமாவ மட்டும் பெரிசா வரைஞ்சிருக்க?"

ஜெனி என்னை, விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"மாமா நிக்காவ. நீங்க உக்காந்திருக்கிய. எந்திச்சா நீங்கதாம்ப்பா பெரிசு," என்றாள். பிறகு கலர் பென்சில்களைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆனா ஒங்களுக்குத்தான் எந்திக்க முடியலயே."